விரதத்துக்கு ஆகாத உடம்பு

என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இப்போது மூன்று பதில்கள் இருக்கின்றன. பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பவர்களிடம் தசை வருத்தம் என்று சொல்லிவிடுவேன். சங்கத்துக்கு நெல் கொண்டுவருபவர்களிடம், பட்டினி கிடக்கக் கூடாத வருத்தம் என்பேன். அது எங்களுக்கும் இருக்குத்தானே என்று சிரித்துவிட்டுப் போவார்கள். உண்மையாகவே அறிய விரும்புகிறவர்களுக்கு மட்டும் இழைமணி என்று தொடங்குவேன். இரண்டாவது வசனத்தில் அவர்களுடைய கண் கடிகாரத்துக்குப் போய்விடும். அதனால்தான் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். வாசிப்பவர் பாதியில் எழும்பிப் போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

எனக்கு ஐம்பத்தொரு வயது. கூட்டுறவுச் சங்கத்தின் நெற்களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். வட்டக்கச்சியில், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்த அப்பாவும் அம்மாவும் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். அப்பா போய்ப் பல வருடம். அம்மா போய் மூன்று வருடம். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கும் சில பதில்கள் வைத்திருக்கிறேன், ஆனால் அவை இந்தக் கதைக்குத் தேவையில்லை.

முப்பது வருடமாகக் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். ஆறு நாளும் பகலில் தண்ணீர்தான், பொழுது பட்டபின் பாலும் பழமும். நாலாம் நாள் தொடக்கம் கெண்டைக்கால் கல்லாகிவிடும், தொடை நோகும், படி ஏற முடியாது. விரதக் களை என்று நினைத்துக்கொள்வேன். மற்றவர்களுக்கும் அப்படித்தான் நோகும், அவர்கள் வெளியில் சொல்வதில்லை என்றும் நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த நோவில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

போன ஐப்பசியில் மூன்றாம் நாளே தடிமனும் காய்ச்சலும் பிடித்துக்கொண்டன. பாலும் இறங்கவில்லை. மிச்ச நாளெல்லாம் துளசித் தண்ணீரோடு போயிற்று. வரம்பு உடைந்துவிட்டது என்று மழைக்குள் வயலில் இறங்கி மண்ணும் போட்டேன். சூரன்போர் அன்று கோயில் வீதியில் மூன்று மணி நேரம் நின்றேன். அடுத்த நாள் காலை விரதம் முடிக்கிற பாறணைக்கு அரிசி போட எழும்பப் போனால், கால் இரண்டும் என் சொல் கேட்கவில்லை. பாயிலிருந்து உருண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனது. பால் விடாத தேத்தண்ணி, அதுவும் சாயம் கூடியது.

என்னோடு வேலை செய்யும் விமலாவுக்குப் போன் எடுத்தேன். அவள் புருஷனின் ஓட்டோவில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதிகிற இடத்தில் இருந்தவர் பொறுப்பாள் யார் என்று கேட்டார். விமலாவின் பெயரைச் சொன்னேன். உறவு என்ன என்றார். ஒரே கந்தோரில் வேலை செய்கிறோம் என்றேன். அவர் பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு, சொந்தக்காரர் ஒருவரும் இல்லையா என்று இன்னொருமுறை கேட்டார். இல்லை என்றேன். சினேகிதி என்று எழுதினார். விமலா என் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

வாட்டில் எனக்குக் கிடைத்தது சுவரோரக் கட்டில். இரண்டு கையிலும் சேலைன் ஏறியது. சிறுநீர் போகக் குழாய் வைத்து, கட்டிலின் கீழ் ஒரு பை தொங்கவிட்டார்கள். மணிக்கொரு தடவை தாதி மிஸ் வந்து குனிந்து அளவு பார்த்து எழுதிக்கொண்டு போவா. ஒருவருடைய சிறுநீர் இவ்வளவு மரியாதையாகக் கவனிக்கப்படும் என்று நான் நினைத்ததே இல்லை.

எங்கள் டொக்டர் வவுனியாப் பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும். ஓடி ஓடிப் பார்த்தாலும் கட்டிலருகே வந்தால் நின்று கேட்பா. வயலில் இறங்கினீர்களா என்றுதான் முதலில் கேட்டா. ஓம் என்றதும் எலிக்காய்ச்சலுக்கு மருந்து தொடங்கிவிட்டா. மழைக்காலத்தில், எங்கள் பக்கத்தில், காய்ச்சலோடும் உடம்பு நோவோடும் வருகிறவருக்கு வேறு எதை நினைப்பது? இரண்டு நாளில் எலிக்காய்ச்சல் இல்லை என்று பரிசோதனை வந்தது. ஆனால் வேறொரு பரிசோதனையில், தசைக்குள் இருக்கவேண்டிய ஒரு நொதியம் இரத்தத்தில் எக்கச்சக்கமாக இருந்தது. மெஷின் அளக்கிற எல்லையைத் தாண்டிவிட்டது, தண்ணீர் கலந்து மீண்டும் அளந்தோம் என்றா.

தசையிலுள்ள நுண்ணிய கலங்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருப்பதெல்லாம் இரத்தத்தில் கொட்டுமாம். தசையைச் சிவப்பாக வைத்திருக்கும் புரதமும் அதில் ஒன்று. அதுதான் சிறுநீரில் வந்து பிளேன்ரீ நிறம் கொடுக்கிறது. அது சிறுநீரகத்தில் போய் அடைத்தால் சிறுநீரகம் நின்றுவிடும். அதற்குத்தான் இவ்வளவு சேலைன். இதையெல்லாம் சொல்லிவிட்டு டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டா. பாம்பு கடித்ததா? பாரம் ஏதும் மேலே விழுந்ததா? கொழுப்புக்குக் குளிசை போடுகிறீர்களா? பிறகு குரலைத் தணித்து, "ஆராவது அடிச்சவையோ அம்மா?" என்று கேட்டா.

"அடிக்கிறதுக்கு ஆர் இருக்கினம்? நான் தனிய இருக்கிறன்," என்றேன்.

சாப்பாடெல்லாம் எப்படி என்றும் கேட்டா. வழக்கம்போலத்தான் என்று சொன்னேன். மறைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. விரதம் என்பது சாப்பிடாமல் இருப்பது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பிடாமல் இருப்பது வசதி இல்லாதவர்களுக்கும் பசி இல்லாதவர்களுக்கும் நடப்பது. விரதம் வேறு. ஐப்பசியில் விரதம் பிடிப்பது எனக்கு வழக்கம்தானே.

பக்கத்துக் கட்டிலில் செட்டிகுளத்துத் தங்கம்மாக்கா இருந்தா. அவாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் போய்வருவா. நாலு மணி நேரம் அசையாமல் கிடக்கவேண்டும், பிறகு நாள் முழுக்கத் தலை தூக்க ஏலாது என்று சொன்னா. என்னைப் பயப்படுத்தச் சொல்லவில்லை, நேரம் போகச் சொன்னா. ஆனால் நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். அவாவைக் கூட்டிக்கொண்டு போய்வர மகள் இருக்கிறாள். என்னை யார் கிழமைக்கு இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போவது? விமலாவுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், ஒரு வேலை.

ஊசியையும் குழாயையும் விட எனக்குக் கஷ்டமாக இருந்தது பார்வையாளர் நேரம்தான். மத்தியானம் பன்னிரண்டுக்கு மணி அடிக்கும். சாப்பாட்டுக் கரியரும் போத்தல் சுடுதண்ணியுமாக ஆட்கள் உள்ளே வருவார்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நாலைந்து பேர் நின்று, ஒரே நேரத்தில் கதைப்பார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நித்திரை போலக் கிடப்பேன். முழித்திருந்தால் யாராவது இரக்கப்பட்டு, உங்களுக்கு ஒருத்தரும் வரவில்லையா என்று கேட்பார்கள். ஒருநாள் அப்படிக் கிடக்கும்போது கண்ணால் தண்ணீர் ஓடியது. நித்திரை கொள்பவர் அழுவதில்லை, அதனால் துடைக்கவும் முடியவில்லை.

விமலா மூன்றாம் நாள் வந்தாள், பிறகு ஆறாம் நாள். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தாள், என் தலையைப் பின்னிவிட்டாள், களஞ்சியத்துப் புதினம் எல்லாம் சொன்னாள். தங்கம்மாக்காவின் மகள் தாய்க்குக் கால் பிடித்துவிட்டு, கேட்காமலே என் காலையும் பிடித்துவிட்டுப் போவாள். அவளுடைய பெயரை நான் கேட்கவே இல்லை. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் சிறுநீர் தெளிந்தது. சிறுநீரகம் தப்பிவிட்டது, மெஷின் தேவையில்லை, திங்களன்று துண்டு வெட்டி வீட்டுக்கு விடலாம் என்று டொக்டர் சொன்னா. எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நேர்த்தி வைத்தேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரி வளவுக்குள் மதிலோரம் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. வியாழன் இரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருந்து, வெள்ளி பின்னேரம் போய் நூற்றெட்டுத் தரம் சுற்றிக் கும்பிட்டேன். சேலைன் கழற்றியாகிவிட்டது, நடக்கச் சொல்லியிருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. வாட்டில் தந்த சோற்றை விறாந்தையில் படுத்திருக்கும் பூனைக்கு வைத்தேன். அது பருப்பை விலக்கிவிட்டு மீனை மட்டும் தின்றது.

சனிக்கிழமை விடிய என் கால் மறுபடியும் கல்லாகிக் கிடந்தது. சிறுநீர் மறுபடியும் பிளேன்ரீ.

டொக்டர் கட்டில் விளிம்பில் இருந்தா. அவாவுக்கு என்னைவிடப் பெரிய பயம் என்று முகத்தில் தெரிந்தது. "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டா.

"ஒண்டுமில்லை. வெள்ளிக்கிழமையெல்லே."

"முதல் வருத்தம் வரேக்க?"

"சஷ்டி."

அவா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. ஆறு நாளும் விரதமா, எத்தனை வருடமாக, ஒவ்வொரு வருடமும் நோகுமா, காய்ச்சல் வந்தால் நோகுமா, நெடுந்தூரம் நடந்தால் நோகுமா. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். பூனை நேற்று நல்லாச் சாப்பிட்டிருக்கும் என்றா. மிஸ் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அன்று ஏறியது சீனிச் சேலைன். அன்றே விரல் நுனியில் குத்தி, ஒரு தடித்த அட்டையில் ஐந்து சொட்டு இரத்தம் வைத்துக் காயவிட்டார்கள். அது கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் என்றார்கள். நான் கொழும்புக்கே இரண்டு தடவைதான் போயிருக்கிறேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தபின் மூன்று மாதம் கிளினிக். விடிய ஐந்தரைக்குப் போய் இலக்கம் எடுத்து, வாங்கில் இருந்து, முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைப் படித்துக்கொண்டிருப்பது. இரத்தத்துக்கு மறுமொழி வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்பார்கள். புற்றுநோயோ என்ற பயம் ஒரு பக்கம். எதுவென்றாலும் அதைக் கேட்டுக்கொண்டு நான் வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒருவரும் இல்லை என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் கூடப் பாரமாக இருந்தது.

மாசியில் மறுமொழி வந்தது. டொக்டர் கிளினிக் முடிந்தபின் என்னை இருக்கச் சொல்லி, ஒரு தாளில் படம் கீறிக் காட்டினா. விளங்காமல் முழித்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டா. நெற்களஞ்சியம் என்றேன். அதையே வைத்து மறுபடி தொடங்கினா. அதிலிருந்து எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

உடம்பிலுள்ள அநேகமாக ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இழைமணிகள் இருக்கின்றன. சாப்பாட்டிலிருந்து கிடைப்பதை எரித்து உடம்புக்கு வேண்டிய சக்தியை ஆக்குவது அங்கேதான். இழைமணிக்கு இரண்டு மென்சவ்வுகள். வெளிச்சவ்வு எங்கள் களஞ்சியத்துக் கம்பிவேலி மாதிரி, சின்னச் சாமான்கள் அதன் ஓட்டைகளால் போய்வரும். உட்சவ்வுதான் கண்டிப்பான சுவர். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காவல். சீனியில் பாதி வேலை வெளியிலேயே முடிந்துவிடும், மிச்சம் தன் சொந்த வாசலால் உள்ளே போகும். பெரிய கொழுப்புக்கு அப்படி வாசல் கிடையாது. வேலியடியில் ஒரு நொதியம் அதைப் பிடித்துக் கார்னிற்றீன் என்ற சின்னத் தள்ளுவண்டியில் ஏற்றவேண்டும். வண்டியோடு வந்தால்தான் சுவர் வாசலில் உள்ளே விடுவார்கள். உள்ளே இன்னொரு நொதியம் நின்று மூட்டையை இறக்கும். வெறும் வண்டி அதே வாசலால் வெளியே போய் அடுத்த மூட்டையை ஏற்றும்.

என்னிடம் அந்த உள்ளே நின்று இறக்குகிற ஆள் பலவீனம். மூட்டை வண்டியிலேயே கிடக்கும், வண்டி திரும்பாது, வெளியில் கொழுப்பு வரிசையில் நிற்கும். மூன்று நேரமும் சோறு சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் குறை தெரியாது, ஏனென்றால் சீனி தன் வாசலால் போய்க்கொண்டிருக்கும். பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெடுநேரம் வேலை செய்தாலோ சீனி முடிந்து உடம்பு கொழுப்பைக் கேட்கும். கேட்டது கிடைக்காமல் தசைக் கலங்கள் உடையும். மற்றவர்களுக்கு விரதத்தில் கொழுப்புக் கரைகிறது. எனக்குத் தசை கரைந்திருக்கிறது.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கொரு தடவை மாச்சத்தாக ஏதாவது சாப்பிடவேண்டும். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைக்கவேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து சீனிச் சேலைன் ஏற்றவேண்டும். இனி விரதமே கூடாது. சத்திரசிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு கிடக்கச் சொன்னாலும் காட்டும்படி ஒரு கடிதம் எழுதித் தந்தா. அடுத்தமுறை சிறுநீரகம் தப்பும் என்று சொல்லமுடியாது என்றும் சொன்னா.

பிறகுதான் அந்தக் கேள்வி. இது பிறவியில் வருவது, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் வருத்தம் வரும், கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு சாத்தியம் இருக்கிறது என்றா. "உங்களுக்குச் சகோதரங்கள் இருக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை," என்றேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். குகன். என்னைவிட நாலு வயது இளையவன். இருபத்துநாலு வயதில் முல்லைத்தீவுக் கரையில் ஒரு வலைக்கார வீட்டு வேதக்காரப் பிள்ளையைக் கலியாணம் செய்து, மாதா கோயிலுக்குப் போகத் தொடங்கினான். அப்பா கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு வந்து, இந்த வீட்டில் ஒரு பிள்ளைதான் என்று சொன்னார். நான் அப்பாவின் சொல்லைத் தட்டாத பிள்ளை. சண்டைக்குள் இடம்பெயர்ந்து எல்லோரும் நடந்த காலத்தில் அவன் எந்தப் பக்கம் நடந்தான், என்ன சாப்பிட்டான் என்று நான் விசாரித்ததில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து படலைக்கு வெளியே றோட்டில் நின்றான். கண்டேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. பிரேதம் எடுத்தபின் பார்த்தேன், ஆள் இல்லை.

அவனுக்கு எங்கள் வீட்டில் பஞ்சிக்காரன், சோம்பேறி என்று பெயர். காலையில் நல்லாத்தான் வேலை தொடங்குவான், பத்து மணிக்குப் பிறகு வரம்பில் படுத்துவிடுவான். நெல் அடிக்கிற சூடடிப்பு நாளில், முதல் மரக்கால் நெல்லைப் பிள்ளையாருக்கு எடுத்து வைக்கும்வரை யாரும் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது என்பது அப்பாவின் ஒழுங்கு. அவனுக்குப் பதினாறு வயது. களத்தில் விழுந்து கிடந்தான். அப்பா துவரந்தடியால் அடித்தார். எழும்பு பஞ்சிக்காரா, எழும்பு பஞ்சிக்காரா என்று ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு தரம் சொன்னார். அடி ஓய்ந்தபின் அவன் தவழ்ந்து வைக்கோற் பட்டடைக்குப் பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, எனக்குப் பிளேன்ரீ மாதிரிப் போகுது."

நேற்றுப் பீற்றூட் தின்றாய்தானே, அப்பாவுக்குச் சொல்லாதே, அதற்கும் அடி விழும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அதை நான் நினைத்ததில்லை. பஸ்ஸில் முன் கதிரையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இது தவக்காலம் என்பது நினைவுக்கு வந்தது. வேதக்காரர் சாம்பல் புதனிலிருந்து விரதம். அவன் வெறும் வயிற்றோடு கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருப்பான், ஒரு காய்ச்சலும் வந்துவிட்டால் என்ன வருத்தம் என்று எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். நான் ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லீவு போட்டுவிட்டு, டொக்டரின் கடிதத்தைப் படப்பிரதி எடுத்துக்கொண்டு, பரந்தனில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். உடையார்கட்டில் ஒரு பிஸ்கட் பைக்கற் உடைத்தேன். எனக்கு வேளை தவறாமல் சாப்பிட வேண்டுமே. பக்கத்தில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தா. வெள்ளிக்கிழமை, நெற்றியில் திருநீறு, வாயில் பிஸ்கட். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அவனுடைய கலியாணக் கடிதத்தில் இருந்த முகவரிதான் கையில் இருந்தது. அப்பா கிழித்ததை அம்மா ஒட்டி வைத்திருந்தா.

மாதா கோயிலுக்குப் பின்வீதியில் வீடு. மனைவி ஸ்ரெல்லா முற்றத்தில் வலைத்துண்டு காயப்போட்டுக்கொண்டு நின்றா. நான் பெயர் சொல்ல முதலே, "கௌரி மச்சாளோ? கண் அவரின்ர கண்தான்," என்றா. கோபமாகக் கேட்கவில்லை. நான் கோபத்துக்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தேன். குகனைப் பார்க்கவேண்டும், அவசரம், உடம்பு சம்பந்தமான விஷயம் என்றேன். கரையில் நிற்கிறார், போகலாம், முதலில் உள்ளே வந்து சாப்பிடுங்கோ என்றா. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"இந்த வீட்டில வெறும் வயித்தோட ஒரு கதையும் இல்லை மச்சாள். அது சட்டம்," என்றா.

புட்டும் வாழைப்பழமும் தந்துவிட்டு, அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று சொன்னா. கலியாணம் செய்த முதல் தவக்காலத்தில் குகன் புது வேதக்காரன் என்ற வேகத்தில் கடும் விரதம் பிடித்து, வலை இழுக்கப் போய், கரையில் விழுந்துவிட்டான். கறுப்பாகச் சிறுநீர் போய், ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி விட்டிருக்கிறார்கள். என்ன வருத்தம் என்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை. அதன்பின் ஸ்ரெல்லா ஒவ்வொன்றாகக் கவனித்திருக்கிறா. சாப்பிட்டால் ஒன்றுமில்லை, சாப்பிடாவிட்டால் விழுகிறார். மாதா கோயில் சுவாமியாரிடம் போய்க் கேட்டு, அவருக்கு விரதம் வேண்டாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறா. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் சொல்லி, வலை இழுக்காமல் கயிறு சுற்றுகிற வேலை எடுத்துக் கொடுத்திருக்கிறா. இடம்பெயர்ந்து நடக்கும்போது ஒரு துணிப்பை சீனியைத் தன் வயிற்றோடு கட்டிக்கொண்டு, சைக்கிளில் அவனை இருத்தித் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறா.

எங்கள் வீட்டில் அடித்துக் கேட்ட பதிலை இந்தப் பிள்ளை பார்த்தே கண்டுபிடித்திருக்கிறா.

கரையில் இருபது பேர் வலை இழுத்துக்கொண்டு நின்றார்கள். குகன் கொஞ்சம் தள்ளி மணலில் குந்தி, கடலிலிருந்து வந்த கயிற்றை வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பவில்லை, கயிற்றையும் விடவில்லை. நான் அவனுக்கு முன்னால் மணலில் குந்தி, வந்த அலுவலை ஒரே மூச்சில் சொன்னேன். என் முப்பது வருட விரதம், இழைமணி, வாசல், தள்ளுவண்டி எல்லாம். கடிதத்தைக் கொடுத்தேன். கிளினிக்குக்கு வந்து ஐந்து சொட்டு இரத்தம் கொடுக்கவேண்டும், காய்ச்சல் வந்தால் இதைக் காட்டவேண்டும் என்றேன். அவன் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துவிட்டு, கடிதத்தை முழுக்க வாசித்தான்.

"எனக்குத் தெரியும் அக்கா. பேர்தான் தெரியாது," என்றான்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். திங்கள் வருகிறேன் என்றான். அதோடு கதை முடிந்துவிட்டது போல மறுபடி கயிற்றைச் சுற்றினான். நானும் எழும்பிப் போயிருக்கலாம். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் எழும்ப மனம் வரவில்லை.

"நீ முப்பது வருசம் விரதம் பிடிச்சனீ," என்று கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "உனக்கும் நொந்திருக்குமே. சின்னனிலையும் நொந்ததோ?"

"நொந்தது. களத்துக்குக் கஞ்சி கொண்டு வரேக்கயே நோகும். கால் கல்லாகிப் போகும்."

"பிறகு ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

இதை நான் டொக்டருக்கும் சொல்லவில்லை. எனக்கே அந்த நிமிடத்தில்தான் தெரியவந்தது.

"உனக்கு விழுந்த அடியைப் பாத்தனான்," என்றேன்.

கயிறு சுற்றிய கை நின்றது. கடல் பக்கம் வலைக்காரர் ஒரே குரலில் கூவி இழுத்தார்கள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. சாரத்தின் மடிப்புக்குள் கைவிட்டு, ஓலையில் பின்னிய சின்னக் குட்டானிலிருந்து பனைவெல்லம், ஒரு பனங்கட்டியை எடுத்தான். கயிறு பிடித்துக் காய்த்த விரல்களால் அதை இரண்டாக உடைத்தான். பாதி சரியாக வரவில்லை, பெரிய துண்டை என் உள்ளங்கையில் வைத்தான்.

மணி பத்தரை. நான் சாப்பிடவேண்டிய நேரத்துக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அப்போதே வாயில் போட்டேன்.